பிழைக்கச் சென்ற இடத்தில் மொழியும் பிழைக்க வேண்டும்

மதுரை மாநகரின் மேற்கு வாயில் ஆரப்பாளையம். 1892-ஆம் ஆண்டில் இசுக்காட்லாந்து வணிகரான ஆர்வி உடன்பிறந்தார் மதுரையில் நூற்பாலை நிறுவிய பின்னர், சுற்றுப்புறச் சிற்றூர்களில் வானம் பார்த்து வாழ்ந்த உழவரும், பிழைப்பு நலிந்த கைத்தறியாளரும் அவ்வாலையை நாடி வந்து, ஆரப்பாளையம், கரிமேடு, பொன்னகரம் முதலிய பகுதிகளில் குடியமர்ந்தனர். ஆலைச் சங்கொலியே அவர்தம் விடியலும் அந்தியும் ஆயிற்று. இன்றோ, அதே ஆரப்பாளையத்துப் பேருந்து நிலையத்திலிருந்து திருப்பூருக்கும் கோவைக்கும் ஈரோட்டிற்கும் சேலத்திற்கும் வண்டிகள் ஓயாது புறப்படுகின்றன. அன்று வேலை நாடி வந்தவரின் பெயரர் இன்று வேலை நாடிப் போகின்றனர். வந்ததும் வயிற்றின் பொருட்டு. போவதும் வயிற்றின் பொருட்டு.

பிழைப்பிற்காக ஊர் பெயர்தல் இழிவன்று. உழைத்து உண்ண எண்ணுபவனைப் பழிக்க எவர்க்கும் உரிமையில்லை. ஆயினும் ஒரு வினா உண்டு. பெயர்வது ஆள் மட்டுந்தானா, அவனோடு மொழியும் இடம்பெயர்ந்து வேரூன்றுமா? அவன் சென்று சேரும் தொழிலூர் அவன் பிறந்த ஊர் போன்றதன்று. ஒரே சுவருக்கு இப்பால் தமிழ்க் குடும்பம், அப்பால் ஒடியர், எதிரில் பீகாரத்தார், தெருமுனைக் கடையில் மலையாளி, மேற்பார்வையாளர் தெலுங்கர், கணக்கும் கட்டளையும் ஆங்கிலத்தில். ஓசூரிலும் இதே நிலை. திருப்பூரிலும் இதே நிலை. இத்தகைய கலப்பூரில் பத்தாண்டு வாழ்ந்த தமிழன் பிள்ளை எம்மொழியிற் கனவு காணும்?

இவ்வினாவிற்கு இருவகை விடைகள் வழங்குகின்றன. 'அயன்மொழியாளர் அண்டை வீட்டில் இருப்பதே கேடு; அவரோடு பழகப் பழகத் தமிழ் கெடும்' என்பது ஒன்று. 'வீட்டில் தமிழ் பேசினாற் போதும்; மொழி தானே நிற்கும்' என்பது மற்றொன்று. முன்னது அச்சத்தில் விளைந்தது. பின்னது சோம்பலில் விளைந்தது. இரண்டும் பிழை என்பதைத் தமிழர் வரலாறே காட்டும்.

கோலார் தங்கவயலை எண்ணிப் பார்க்க. பெங்களூருக்குக் கிழக்கே ஏறத்தாழ நூறு அயிரமாத்திரி (கிலோமீட்டர்) தொலைவில், கன்னடமும் தெலுங்கும் வழங்கும் வறண்ட மேட்டுநிலம் அது. 1880-ஆம் ஆண்டில் சான் டெய்லர் குழுமம் அங்கே கால்வைத்த பின்னர், சுரங்கத்தின் ஆழத்திற்கு இறங்கும் உழைப்பாளராகப் பெருந்தொகையிற் சென்றோர் வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களின் தமிழரே. அவருள்ளும் மிகப் பலர், சொந்த ஊரில் நிலமும் மதிப்பும் மறுக்கப்பட்ட, தாழ்த்தப்பட்ட குடியினர். ஊர் அவர்களைத் தள்ளியது, சுரங்கம் விழுங்கியது. சாம்பியன் சுரங்கம் மூன்று அயிரமாத்திரிக்கும் கீழே சென்றது. அந்த ஆழத்தில் பாறையே வெப்பம் உமிழும். அழுத்தந் தாங்காது பாறை வெடிக்கும். கல்துகள் நுரையீரலில் படிந்து உழைப்பாளனை மெல்லக் கொல்லும். 1902-ஆம் ஆண்டில் காவிரியின் சிவசமுத்திர வீழ்ச்சியிலிருந்து மின்னாற்றல் ஏறத்தாழ 147 அயிரமாத்திரி தொலைவு கம்பி வழிச் சென்று அச்சுரங்கங்களை இயக்கியது. பெங்களூர்த் தெருக்களுக்கே அவ்வொளி 1905-இல்தான் கிட்டியது. பொன்னுக்குக் கொடுத்த முதன்மை அதுவெனில், பொன்னெடுத்தவனுக்குக் கொடுத்த இடம் தட்டிகளால் தடுத்த வரிசைக் குடிசையே.

மொழியால் அவ்வூர் எத்துணைக் கலப்பு! மேலாளர் ஆங்கிலர், அரசு மைசூர் மன்னருடையது, ஊர்ப்புறம் தெலுங்கும் கன்னடமும் பேசுவது, கடைத்தெருவில் உருதுவும் உண்டு. இராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை என்று பேட்டைகளின் பெயரே ஆங்கிலர் பெயர்தாம். 'அண்டை மொழியால் தமிழ் அழியும்' என்பது மெய்யாயின், அங்கே தமிழ் இரண்டு தலைமுறையில் மறைந்திருக்க வேண்டும். மறைந்ததா? இல்லை. ஒரு நூற்றாண்டு கடந்தும் தங்கவயல் தமிழூராகவே விளங்கியது.

எதனால் விளங்கியது? வீட்டுப் பேச்சால் மட்டுமன்று. அயோத்திதாசப் பண்டிதர் 1907-ஆம் ஆண்டில் சென்னையில் தொடங்கிய 'தமிழன்' கிழமையிதழ், 1914-இல் அவர் மறைந்து பல்லாண்டுகள் கழிந்தபின், 1926 முதல் தங்கவயலிலிருந்து அப்பாத்துரையாரை ஆசிரியராகக் கொண்டு மீண்டும் வெளிவந்தது. பண்டிதரின் நூல்களை அச்சிட்டுப் பரப்பியது அவ்வூரின் சித்தார்த்தப் புத்தகசாலை. பெயரில் வடசொல் இருப்பினும் அது செய்தது தமிழ்ப்பணியே. மாரிக்குப்பத்திற் புத்த நெறியார் கழகங் கூட்டித் தமிழில் உரையாற்றினர், தமிழில் வழக்காடினர், தமிழிற் பாடினர். மண்ணுக்கடியில் எட்டு மணி நேரம் உழன்றவன், மேலேறி வந்து, விளக்கொளியில் இதழ் படித்தான். படிக்கத் தெரியாதவன் படிப்பவனைச் சூழ்ந்திருந்து கேட்டான். கல்வி அவனுக்கு அணியன்று, தலைநிமிர்வதற்குரிய முதுகெலும்பு.

உரிமைப் போரும் அம்மொழியிலேயே நடந்தது. 1930-இல் உழைப்பாளர் தம் கைரேகையைப் பதிவு செய்யவேண்டுமென்று ஆணை பிறந்தபோது, குற்றவாளிக்குரியதைத் தமக்கு இடுவதா எனச் சினந்து வேலையை விட்டு நின்றனர். 1946 நவம்பர் 4-ஆம் நாள் காவலர் சுட்டதில் உழைப்பாளர் அறுவர் மாண்டனர். அக்கூட்டங்களின் அறைகூவலும், துண்டறிக்கையும், மாண்டார்க்கு இரங்கிய இரங்கலும் தமிழே. இதழ், பதிப்பகம், கழகம், தொழிற்சங்கம், பள்ளி ஆகிய ஐந்தும் ஊர் கூடி எழுப்பிய சுவர்கள். அச்சுவர்களுக்குள்தான் வீட்டுப் பேச்சு விளக்குப் போல் அணையாது நின்றது.

இனி மறுபக்கம் காண்க. 1956-இல் சுரங்கங்கள் மைசூர் அரசுடைமையாயின. 1962-இல் நடுவணரசின் கைக்குச் சென்றன. 1972-இல் பாரதத் தங்கச் சுரங்கக் குழுமம் அமைந்தது. 2001 பிப்பிரவரி 28-ஆம் நாள் மூடப்பட்டன. ஒரு நூற்றாண்டிற்கு மேலாக 800 தொன்னுக்கு மேற்பட்ட பொன்னை ஈந்த ஊர், ஒரே நாளில் வேலையற்றதாயிற்று. விடியுமுன் எழுந்து, தொடர்வண்டியில் நெருங்கி நின்று, பெங்களூர் சென்று உழைத்து, இருட்டிய பின் வீடு திரும்புவது அங்குள்ளார் பலரின் வாழ்க்கையாயிற்று. தந்தைக்கு இதழ் படிக்க நேரமில்லை. பிள்ளைக்குத் தமிழ்ப் பள்ளி பயன்படாதென்னும் எண்ணம் வேரூன்றியது. நூறாண்டு அயன்மொழியாளரோடு வாழ்ந்தும் அசையாத தமிழை, வேலையின் மொழியும் பள்ளியின் மொழியும் மாறியதே அசைக்கத் தொடங்கியது.

இதற்குக் கன்னடர்மேற் பகைகொள்ளுதல் அறிவுடைமையன்று. 1980-களின் தொடக்கத்தில் கோகாக்குக் குழு, கருநாடகப் பள்ளிகளிற் கன்னடமே முதன்மொழியாக வேண்டுமென்று பரிந்துரைத்தபோது, தங்கவயல் தமிழர் கிளர்ந்தெழுந்தனர். தம் நிலத்தில் தம்மொழி தலைமை பெறவேண்டும் என்னும் கன்னடரின் வேட்கை, தமிழர் வேட்கையினின்று வேறன்று. அதனைத் தமிழன் மதித்தே தீரவேண்டும். ஆயின், ஒரு மொழி தலைமை பெறுதல் வேறு. அம்மண்ணில் உழைத்து மடிந்தவரின் பிள்ளைக்குத் தாய்மொழிக் கல்வியை மறுத்தல் வேறு. முன்னது உரிமை; பின்னது உரிமை பறித்தல். இவ்வேறுபாட்டைத் தெளிந்தவனே தன் மண்ணிலும் நயன்மையோடு நடப்பான்.

கடல் கடந்து சென்றாரிடத்தும் இதே பாடம் காணலாம். 1860-ஆம் ஆண்டு முதல் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கரும்புத்தோட்ட ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர் கப்பலேறினர். அவர்தம் வழிவந்தோர் இன்றும் காவடி எடுக்கின்றனர், தீ மிதிக்கின்றனர். ஆயின் அவருட் பெரும்பாலாரின் வீட்டுமொழி ஆங்கிலமாயிற்று. கவுண்டர் 'கொவெண்டர்' ஆயினர். முனிசாமி 'மூன்சாமி' ஆயினார். சமயம் நின்றது, மொழி சென்றது. மலையகம் எனத் தமிழர் வழங்கும் மலாயாவிலோ, 1912-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் பள்ளிப் பருவக் குழந்தைகள் பதின்மர் இருந்த தோட்டங்களிற் பள்ளி வைக்கவேண்டுமென விதித்தது. தோட்டத்து முதலாளி அமைத்த பள்ளி பெரும்பாலும் ஓர் ஓலைக் கொட்டகையே, ஆசிரியர் ஒருவரே. ஆயினும் அக்கொட்டகையை உழைப்பாளர் விடாது பற்றிக்கொண்டனர். கோ. சாரங்கபாணியார் 1950-களில் 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் பெயரால் மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்நூலகத்திற்குப் பொருள் திரட்டியபோது, எளிய உழைப்பாளரும் தம் சிறுதொகையை ஈந்தனர். இன்றும் அந்நாட்டில் 500-க்கு மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் உள்ளன. இரு நாட்டிற்கும் சென்றவர் ஒரே தமிழர். சென்ற நிலையும் ஒரே வறுமை. பள்ளி ஒன்றே வேறுபாடு.

இத்துணைத் தொலைவு போவானேன்? மதுரைக்குள்ளேயே கண்கூடான சான்று உண்டு. பட்டு நெய்தற் பொருட்டுச் சில நூற்றாண்டுகளுக்கு முன் வடக்கிலிருந்து பெயர்ந்து வந்து மதுரையிற் குடியேறிய சௌராட்டிரர், தம் வீட்டில் தம்மொழியைக் கைவிட்டாரிலர். வெளியில் தமிழைக் கற்காமலும் இருந்தாரிலர். தமக்கெனக் கழகமும் பள்ளியும் கண்டனர். தமிழோ அவர்க்குக் கடன்பட்ட மொழியாயிற்று. தமிழ்ச் சொற்களைத் திருந்த ஒலித்தற்கு எடுத்துக்காட்டாகத் தமிழ் மக்கள் கொண்டாடிய பாடகர் தி. ம. சௌந்தரராசனார் 1922-இல் மதுரையில் அக்குடியிற் பிறந்தவரே. வந்தவர் மொழியும் வாழ்ந்தது. இருந்தவர் மொழியும் வளம்பெற்றது. கலந்து வாழ்தலே மொழிக்குக் கேடென்பார் இதற்கு என்ன விடை சொல்வார்?

ஆகவே, மொழியை அழிப்பது அண்டை வீட்டான் பேச்சன்று. வேலை தருபவன் மொழியும், விதி எழுதுபவன் மொழியும், பிள்ளைக்குப் பாடஞ் சொல்பவன் மொழியும் அயன்மொழியாகி, அவற்றை எதிர்த்து நிற்க ஊர்ப்பொது அமைப்பு ஒன்றும் இல்லாதொழிவதே மொழியை அழிப்பது.

இவ்வுண்மையைத் தமிழ்நாட்டிற்குள்ளேயே பொருத்திப் பார்க்க. தறிக்குரிய சொல்லெல்லாம் தமிழனிடம் இருந்தன: பாவு, ஊடை, தார், அச்சு, கதிர், சிட்டம். இவை எந்த நூலகராதியாரும் ஆக்கிக் கொடுத்தவையல்ல. நெய்தவன் கையிலிருந்து பிறந்தவை. ஆலை வந்தபோது பொறியோடு அயற்சொல்லும் இறங்கின. முறைவேலை 'சிப்டு' ஆயிற்று. மிகைநேரம் 'ஓவர்டைம்' ஆயிற்று. இன்று திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலில், வெட்டுவது 'கட்டிங்', சரிபார்ப்பது 'செக்கிங்', தேய்ப்பது 'அயர்னிங்'. வெட்டவும் பார்க்கவும் தேய்க்கவும் தமிழனுக்குச் சொல் இல்லையா? இருக்கின்றது, ஆயின் கூலிச்சீட்டில் இல்லை. கூலிச்சீட்டில் இல்லாத சொல் நாளடைவில் நாவிலும் இல்லாதொழியும். ஆரப்பாளையத்திலிருந்து இருநூறு அயிரமாத்திரி தொலைவில், தமிழ் மண்ணிலேயே, தமிழ் முதலாளியிடமே வேலை பார்க்கும் தமிழன் இந்நிலைக்கு ஆளாவானாயின், குற்றத்தை வடவன்மேற் சுமத்துவது எங்ஙனம் பொருந்தும்? 1956-ஆம் ஆண்டிலேயே தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் நிறைவேறியது. ஆட்சி ஏறிய மொழி ஆலைக்குள் ஏறவில்லை.

இனி, இவ்வூர்களுக்கு வடக்கிலிருந்து வரும் உழைப்பாளரைப் பற்றிய செய்தி. பீகார், ஒடிசா, வங்கம், அசாம் முதலிய மாநிலங்களிலிருந்து அவர்கள் வருகின்றனர். அவர்களைக் கண்டு தமிழன் உள்ளத்தில் அச்சம் எழுவதை மறைக்க வேண்டா. குறைந்த கூலிக்கு ஆள் கிடைத்தால் முதலாளி தமிழனை ஒதுக்குவான் என்பதும், ஆட்தொகை மிகுந்தால் அதனைச் சாக்காக்கி இந்தியைத் திணிக்க நடுவணரசு முனையும் என்பதும் வெற்றச்சங்கள் அல்ல. 1938-இல் எழுந்த போரிலும் 1965-இலும் இந்தித் திணிப்பை எதிர்த்துத் தமிழர் உயிரீந்தது உலகறிந்தது. ஆயின் அப்போர் திணித்த ஆட்சிக்கு எதிரானதேயன்றி, மூட்டை சுமந்து பிழைக்கும் எந்த வடநாட்டு ஏழைக்கும் எதிரானதன்று. பீகாரத்து உழைப்பாளர் பலரின் தாய்மொழியும் இந்தியன்று. போசுபுரியும் மைதிலியும் மககியும் இந்தியின் நிழலில் மங்கிக் கிடப்பன. தன் மொழியை இழக்கும் ஏழையும், தன் மொழிக்கு அஞ்சும் ஏழையும் ஒருவரையொருவர் பகைத்தால், நகைப்பவன் இருவர்க்கும் கூலி குறைக்கும் முதலாளியே.

ஆரப்பாளையத்தார்க்கு இதனை விளக்கிக் கூறவும் வேண்டா. ஆவணி மூலத் திருவிழாவில் பிட்டுக்கு மண் சுமந்த கதை ஆண்டுதோறும் நடித்துக் காட்டப்பெறுவது அவ்வூர்ப் புட்டுத்தோப்பிலேயே. வையைக் கரையை அடைக்க வீட்டுக்கு ஓராள் வரவேண்டுமென்று அரசன் ஆணையிட்டான். ஆளில்லாத கிழவி வந்திக்காக, ஊர் பேர் தெரியாத ஒருவன் உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பெற்று மண் சுமக்க வந்தான். வேலை குறைந்ததென்று அரசன் பிரம்பால் அடித்தான். அவ்வடி அரசன் உட்பட அனைவர் முதுகிலும் விழுந்தது. கதையை வரலாறென்று கொள்ளவேண்டும் என்பதில்லை. அதன் பொருளை மட்டும் கொள்க. அயலூர்க் கூலியாள்மேல் விழும் அடி அவனோடு நில்லாது. வடவனுக்குக் குறைக்கப்பட்ட கூலி நாளை தமிழனுக்கும் குறையும். அவனுக்கு மறுக்கப்பட்ட ஓய்வு தமிழனுக்கும் மறுக்கப்படும்.

'வந்தவனுக்குத் தமிழ் கற்பிப்பது தமிழன் கடனா?' என்று சிலர் வினவுவர். கடனே. கற்பியாவிடின் நிகழ்வது யாது? வந்தவன் தமிழ் கற்க வழியின்றி இந்தியிலேயே நிற்பான். கடைக்காரன் அவனுக்காக இந்தி கற்பான். முதலாளி இந்தியிற் பலகை எழுதுவான். தமிழன் தன் ஊரில் தானே மொழிபெயர்ப்பாளன் ஆவான். கற்பித்தாலோ, அவன் பிள்ளை தமிழ்ப் பள்ளியில் அமரும். 2006-ஆம் ஆண்டுத் தமிழ் கற்றற் சட்டம் பள்ளிகளிற் பத்தாம் வகுப்புவரை தமிழைக் கட்டாயப் பாடமாக்க வழிசெய்தது. ஆயின் சட்டம் பிள்ளையைத் தொடும், தந்தையைத் தொடாது. தந்தைக்கு இரவுப்பள்ளி வேண்டும். வீட்டில் அவன் தன் தாய்மொழியைப் போற்றட்டும். தெருவில் தமிழ் பேசட்டும். மதுரைச் சௌராட்டிரர் காட்டிய வழி அதுவே. தங்கவயல் தமிழர் கேட்ட உரிமையும் அதுவே.

செய்யத்தக்கவை மலைபோன்றன அல்ல. தொழிலூர் ஒவ்வொன்றிலும், தமிழர் பத்துக் குடும்பம் வாழும் இடத்தில் ஒரு படிப்பகம் எழவேண்டும். ஒரு நாளிதழும் ஒரு திங்களிதழும் ஐம்பது நூலும் போதும். தொழிற்சங்கங்கள் கூலி உயர்வோடு, கூலிச்சீட்டும், ஆலை விதியும், இடர்காப்பு அறிவிப்பும் தமிழில் வேண்டுமென்பதைத் தம் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்க வேண்டும். பொறியில் கைசிக்கும் இடத்தில் 'அருகில் வராதே' என்பது உழைப்பாளனுக்குப் புரியாத மொழியில் இருப்பது மொழிக்குற்றம் மட்டுமன்று, கொலைக்குற்றம். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஊர்தோறும் உள்ளனர். கிழமைக்கு ஈரிரவு அயன்மொழி உழைப்பாளர்க்கு அவர்கள் எழுத்தறிவிக்கலாம். யாவற்றிற்கும் மேலாக, பெயர்ந்து செல்லும் தமிழ்க் குடும்பம் தன் பிள்ளையைத் தமிழ்வழிப் பள்ளியிற் சேர்க்கவேண்டும். மேடையில் தமிழ் முழங்கிவிட்டு மகனை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்புவோன், தங்கவயலில் விளக்கொளியில் எழுத்துக்கூட்டிய சுரங்கத் தொழிலாளியின் காலடி மண்ணுக்கும் நிகராகான்.

சென்றவன் மூட்டையிற் சோறு கட்டிக்கொடுப்பது தமிழ்த்தாயர் வழக்கம். சோறு ஒருவேளையில் தீரும். அவன் செல்லும் ஊரில் ஒரு பள்ளியும் ஒரு படிப்பகமும் காத்திருக்குமாயின், அது தலைமுறைக்கும் தீராது. அதனை அமைப்பதே இன்றைய தமிழ்ப்பணி. அமைப்போம் என்பார் நாளையே தொடங்குக!